பார்த்தவர்கள் 212

எனக்குச் சத்தம் பிடிக்காது. கடையில் நான் ரேடியோகூட வைத்ததில்லை. றக்வான கடைவீதியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆறு கம்பியூட்டர், இரண்டு டெலிபோன் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மெஷின். கடை அவ்வளவுதான். வந்து உட்காருகிறவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மெதுவாகப் பேசவும் என்று நான் எங்கும் எழுதி ஒட்டவில்லை. நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாவிட்டால் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

மிஸ், இதை விசாரித்து எழுத நீங்கள் கொழும்பிலிருந்து இந்த வளைவுப் பாதையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். தர்மிளா விஷயத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதால் மெதுவாகவே சொல்கிறேன். எங்காவது விட்டுப்போனால் நிறுத்திக் கேளுங்கள்.

'நம்ம பக்கம்' என்ற இணையத்தளத்தை நான் தொடங்கியது 2006இல். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் டோஹாவுக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். சிலருடைய சொந்தபந்தம் திருச்சிப் பக்கம். இவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, திருவிழாப் படம் போடவும், பிள்ளை பிறந்ததைச் சொல்லவும், சாவுச் செய்தி அறிவிக்கவும் ஒரு தளம் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். தமிழ் எழுத்துத் தெரியாத கம்பியூட்டரிலும் எழுத வசதியாக, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் பெட்டி ஒன்றையும் தளத்திலேயே வைத்தேன். இரண்டு வருடத்தில் அறுநூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். இந்த மாவட்டத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அறுநூற்று நாற்பது என்பது எங்களுக்குச் சிறிய எண் இல்லை.

ஆட்கள் கூடினால் சண்டையும் வரும். சாதி, தொழிற்சங்கம், கோயில் கமிட்டி என்று தொடங்கி கடைசியில் வடக்கில் நடந்த யுத்தத்துக்கு வந்தார்கள். 2007 ஆரம்பத்தில் யாரோ எழுதிய பத்து வரியை யாரோ அச்செடுத்துப் பொலிஸில் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தமிழில் இருந்த அந்தத் தாளை நிலையப் பொறுப்பதிகாரி ஓஐசி என் முன்னால் நீட்டி, "மேகே மொனவத லியலா தியென்னே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் அன்று வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காலையில் உட்கார்ந்தவன், மத்தியானம் பொன்னுத்துரை முதலாளி வந்த பிறகுதான் எழுந்தேன். அவர் புடவைக்கடை வைத்திருக்கிறவர், கோயில் தர்மகர்த்தா, பொலிஸில் எல்லாரோடும் பழக்கம். எனக்காகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"நம்ம ஆளுக இங்க கொஞ்சப் பேருதான் சிறீ. சத்தம் காட்டாம இருந்துக்கிறணும்."

அதற்குப் பிறகுதான் நான் தளத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். யாரையும் விலக்கவில்லை. எதையும் அழிக்கவில்லை. அழித்தால், ஏன் அழித்தாய் என்று அதற்கு ஒரு சண்டை வரும். சூடான பேச்சு ஓடும் இடத்தில் பதில் எழுதும் பெட்டியை இரண்டு வரி சிறிதாக்கினேன். 'அனுப்பு' என்ற பொத்தானைப் பக்கத்தின் அடியில், ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் வைத்தேன். அந்தப் பக்கங்கள் மட்டும் ஒன்பது விநாடி தாமதமாகத் திறக்கும்படி செய்தேன். கோபக்காரனுக்கு ஒன்பது விநாடி பெரிய நேரம். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நல்ல செய்திகளுக்குக் கீழே பச்சை நிறத்தில் 'சந்தோஷம்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தியவர்களின் பெயர் கீழே வரும். தங்கள் பெயரைப் பார்ப்பதற்காகவே நல்ல செய்தி தேடி வந்தார்கள். மூன்று மாதத்தில் தளம் அடங்கிவிட்டது. நம்ம ஆட்கள் திருந்திவிட்டார்கள் என்று டோஹாவிலிருந்து ஒருவர் எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. யாருக்கும் தெரியாத பெருமை.

அப்படியும் அடங்காத ஒருவர் இருந்தார். முத்துவீரன் என்று ஒரு லொறி டிரைவர், குடித்தால் கண்டபடி எழுதுவார். அவருக்காகத்தான் கண்ணாடி அறையைச் செய்தேன். அந்தப் பெயர் நான் வைத்தது. அந்த அறையில் போட்ட ஆள் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் எழுதுவதையெல்லாம் அவர் பார்க்கலாம், பதில் எழுதலாம், தனிமடல் அனுப்பலாம். ஒன்றும் யாருக்கும் போய்ச் சேராது. தான் அறையில் இருப்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டு வாரம் திட்டிப் பார்த்தார். ஒருவரும் திருப்பித் திட்டவில்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதைவிட மரியாதையாக ஒரு ஆளை எப்படி வெளியே அனுப்ப முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தர்மிளா எல்லகந்த தோட்டம், மேல் டிவிஷன். பள்ளியில் ஏஎல் வரை படித்தவள். பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் என் கடைக்கு வந்து தட்டெழுதப் பழகினாள். எழுதத் தெரியாதவர்களுக்காகத் தளத்தில் அவள்தான் பிறப்பும் சடங்கும் கல்யாணமும் எழுதிப் போடுவாள். மரியாதையான எழுத்து. தனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். உனக்கு எதற்கு அது, நம்ம பக்கம் இருக்கிறதே என்றேன். அப்போது அதில் ஒரு உள்நோக்கமும் இல்லை, மிஸ். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்த பிறகு, தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்று 2008 பெப்ரவரியில் சவூதிக்குப் போனாள். அனுப்பி வைத்தது பொன்னுத்துரை முதலாளி. கொழும்பில் இருந்த ஒரு ஏஜென்சிக்கு அவர் ஆள் பிடித்துக் கொடுப்பார். இந்தப் பக்கத்திலிருந்து முப்பது பெண்களுக்கு மேல் போயிருப்பார்கள்.

மே மாதம் அவளுடைய முதல் பதிவு வந்தது. மத்தியானம் பன்னிரண்டரை. சாப்பிடக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், கண் முன்னால் இருந்தது. சொன்ன வீடு வேறு, கொண்டுபோய் விட்ட வீடு வேறு என்று எழுதியிருந்தாள். பாஸ்போர்ட்டும் போனும் வீட்டுக்காரி அலுமாரியில். வெளிக்கதவு எப்போதும் பூட்டு. சுடுதண்ணீர் பட்ட கையோடு வேலை செய்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு அறையைத் துடைக்கப் போகும்போது இருபது நிமிடம் கம்பியூட்டர் கிடைக்கிறது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி நம்ம பக்கம் ஒன்றுதான். முதலாளியின் பெயரையும் எழுதியிருந்தாள். கடைசி வரி எனக்கு நினைவிருக்கிறது. "யாராச்சும் எங்க அம்மாகிட்ட சொல்லுங்க. முதலாளிகிட்ட கேட்கச் சொல்லுங்க."

பதிவை யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அறுநூற்று நாற்பது பேரும் முதலாளி மேல் பாய்வார்கள். பாதிப் பேர் அவருக்காகப் பேசுவார்கள். கடைவீதியில் கல் விழும். பொலிஸ் வரும். இந்தத் தடவை என்னை அங்கிருந்து கூட்டிவர யார் வருவார்கள்? விசாரித்துவிட்டுப் போடலாம் என்று இரண்டு நாளைக்கு அவளைக் கண்ணாடி அறையில் வைத்தேன். இரண்டே நாள். அந்த எண்ணத்தில் பொய் இல்லை.

அன்று பின்னேரமே முதலாளியிடம் போனேன். சேலை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. போன பிள்ளைகள் எல்லாமே முதல் மூன்று மாதம் அழும், பிறகு பழகிவிடும் என்றார். ஏஜென்சியில் பேசுகிறேன் என்றார். பேசினாரா இல்லையா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவரிடம் எதையும் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லை.

இரண்டு நாள் போனது. தர்மிளா இன்னும் மூன்று பதிவு போட்டாள். நான்காவது நாள் திறக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தேன். பதிவுகளில் தேதி இருக்கும். இப்போது திறந்தால், நான்கு நாளாக இது எங்கே இருந்தது என்று கேட்பார்கள். தேதியை மாற்றலாம். ஆனால் அவளே திரும்பி வந்து, நான் எழுதியது திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டால்? பதினோராம் நாள் அது இன்னும் கடினமாகிவிட்டது. முப்பதாம் நாள் நினைத்துப் பார்க்கவே முடியாததாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் அவள் மட்டும் இருந்தாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். கடையைத் திறந்து கம்பியூட்டரைப் போட்டதும் முதலில் அங்கேதான் நான் போவேன். மூடும்போது கடைசியாகவும் அங்கேதான். வேறெங்கும் போக முடியவில்லை.

ஒவ்வொரு பதிவின் கீழும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் வரும். அவளுடையதில் ஒன்றோ இரண்டோதான் இருந்தது. ஒன்று அவள், இன்னொன்று நான். ஜூன் மாதம் அதைப் பற்றியே எழுதினாள்.

"யாருக்குமே இது தெரியலையா? ரெண்டு பேர்னுதான் காட்டுது. பக்கம் பழுதாப் போச்சா, இல்ல நான் தப்பா அனுப்புறேனா?"

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பது ஒன்று. அதைவிட, அவள் தனியாக இருப்பதாக நினைக்கிறாளே என்பது எனக்குத் தாங்கவில்லை. யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும் இல்லையா? எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி செய்தேன். முதல் நாள் பதினான்கு. அடுத்த நாள் முப்பத்தொன்று. ஒரேயடியாக ஏற்றினால் இயல்பாக இருக்காது. 'சந்தோஷம்' பொத்தானை அவளுடைய பதிவுகளிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் கீழே வெறுமையாகக் கிடப்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று.

எண் ஏறத் தொடங்கிய பிறகு அவள் எழுத்து மாறியது. பொதுவாக எழுதாமல் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். அவளோடு ஏஎல் படித்த ஷாமிளா தன் குழந்தையின் படத்தைப் போட்டிருந்தாள். எழுபது பேர் வாழ்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தர்மிளாவும் வாழ்த்து எழுதினாள். பிள்ளை உன் மூக்குத்தான் ஷாமி என்று எழுதிவிட்டு, அதன் கீழே, எங்க லயத்து வீட்டுப் பக்கம் போனால் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டிருந்தாள். ஷாமிளா மறுநாள் வந்து எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி எழுதினாள். எழுபது பெயர். அதை தர்மிளா எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்பது என்னிடம் பதிவாகி இருக்கிறது. பத்தொன்பது தடவை.

தர்மிளாவுடைய அம்மா பஞ்சவர்ணம் சனிக்கிழமை தோறும் மலையிலிருந்து இறங்கிக் கடைக்கு வருவார். படிக்கத் தெரியாது. ஒருதடவை இலையில் சுற்றிய கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"புள்ளகிட்ட இருந்து ஏதும் வந்திச்சா தம்பி?"

நல்லா இருக்காளாம், வேலை கூட என்பதால் எழுத நேரமில்லையாம் என்றேன். உண்மையைச் சொன்னால் நேரே முதலாளி கடை வாசலில் போய் விழுந்து அழுவார். அந்த அம்மாவை நினைத்துத்தான் சொல்லவில்லை. ஆடு ரெட்டைக் குட்டி போட்டதையும், தம்பி கணக்கில் எண்பது எடுத்ததையும் எழுதச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சொல்லாக எழுதிக் காட்டினேன். கைகூப்பிவிட்டுப் படியிறங்கினார். அதை அனுப்பினால், அம்மாவுக்குத் தன் பதிவு போய்ச் சேர்கிறது என்று அவள் நினைத்துவிடுவாள். அழித்துவிட்டேன். கருப்பட்டியையும் நான் சாப்பிடவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு பதிவு. கடைசி, ஆகஸ்ட் மாதம். அதை நான் மாற்றாமல் சொல்கிறேன்.

"இருநூத்திப் பன்னெண்டு பேர் பார்த்துட்டீங்க. எல்லாருமே எனக்குத் தெரிஞ்சவங்க. ஒங்க வீட்டு நல்லது எல்லாத்தையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். சரி. இனிமே எழுத மாட்டேன்."

அன்று எண்ணை ஏற்றும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அவள் அந்த வீட்டின் இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலால் விழுந்தாள். தப்பித்து ஓட இறங்கினாளா, வேறு எண்ணமா என்று நீங்கள் அவளிடம் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாது. முதுகெலும்பு முறிந்து, அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒக்டோபரில் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தாள். லயத்துக்கு ஏறும் படிகளில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அதில் நானும் ஒருவன்.

தோட்டமே பார்க்க வந்தது. அவள் யாரோடும் பேசவில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலோடும் பிஸ்கட்டோடும் வந்தவர்களைப் பார்த்து, பார்த்தீங்கதானே என்று மட்டும் கேட்டாள். என்னத்தைப் பார்த்தோம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. விழுந்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நம்ம பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் அங்கே ஒன்றும் இல்லையே.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போயிருந்தபோது, அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, பார்த்தவங்க யாரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். அதில் பொய் இல்லை, பார்த்தவர் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"ஒங்களத் தப்பா நினைக்கலண்ணே. அம்மா பயந்துருவாங்கன்னுதான் நான் நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க பக்கத்தை நடத்துறவரு, யாருக்காகவும் பேச ஏலாது. எனக்கு அந்தப் பேருக மட்டும் வேணும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் வாயைத் திறந்தேன். அவள் கால்கள் போர்வைக்குள் அசையாமல் கிடந்தன. ஒருவருமே பார்க்கவில்லை, நான் ஒருத்தன் மட்டும்தான் பார்த்தேன் என்று அந்தக் கால்களின் முன்னால் எப்படிச் சொல்வது? கொண்டு வர்றேன் தங்கச்சி என்றேன்.

கடைக்கு வந்து பட்டியல் தயாரித்தேன். அறுநூற்று நாற்பதிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு. கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. தினமும் வருகிறவர்களாக, அவளுக்குத் தெரிந்தவர்களாக, நம்பும்படியாகத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முழுதாக ஒரு நாள் பிடித்தது. ஷாமிளாவை ஏழாவதாகப் போட்டேன். முதலில் போட்டால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். தர்மிளாவின் தம்பி பெயரும் உறுப்பினர்களில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

ஐந்து தாள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஏழாவதில் விரல் நின்றது. அவள் அழவில்லை. இப்போ நிம்மதிண்ணே என்றாள். தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு யாராவது வாசலில் வந்து பெயரைச் சொன்னால், எடுத்துப் பார்ப்பாள். பட்டியலில் இருந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஷாமிளா குழந்தையோடு வந்து அரைமணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள். இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். திமிர் என்றார்கள் சிலர்.

அந்தத் தாள்களைத்தான் உங்களிடம் அவள் காட்டியிருக்கிறாள். தொண்ணூற்று நான்காவது பெயர் அழகமுத்து. டோஹாவில் லொறி கவிழ்ந்து அவர் இறந்தது அந்த வருடம் ஏப்ரலில். மே மாதம் போட்ட பதிவை அவர் எப்படிப் பார்த்தார் என்று நீங்கள் கேட்டது சரிதான். வீட்டுக்காரர்கள் மனம் நோகும் என்று அவருடைய பெயரை நான் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன். அங்கேதான் பிசகிவிட்டது. அவ்வளவு கவனமாகச் செய்தும் அது என் கண்ணில் படவில்லை.

ஆகவே, ஆமாம். அவள் எழுதியதை மறைத்தது நான். எண்ணை ஏற்றியது நான். அம்மாவிடம் பொய் சொன்னதும், அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எழுதிக் கொடுத்ததும் நான்தான். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். பொலிஸுக்கும் வருகிறேன். முதலாளியைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

ஆனால் இதை தர்மிளாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்கிறீர்களே, அது மட்டும் சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போகிறேன். என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு வாய் சாப்பிடுகிறாள். அவள் முகம் கொடுத்துப் பேச இந்த ஊரில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான், மிஸ். அதையும் அந்தப் பிள்ளையிடமிருந்து பறிக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?